சுவரில் சிரிக்கக் கூடாது

"வாய மூடச் சொல்லுங்க!"

"யார?"

"உங்க தம்பிய!"

"செத்துப்போனவனப் போய் எப்படி சார் வாய மூடச் சொல்றது? உயிரோட இருந்தப்பவே அவன் கேக்கமாட்டான்!"

"கத்தாதீங்கம்மா. இது மௌன வளாகம்."

"முதல்ல கத்தினது நீங்கதானே?"

"நான் அலுவல் நிமித்தமா கத்தினேன்!"

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் மன்றத்தின் மௌனப் பொறுப்பாளர். எங்கள் தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'உஷ்'. இந்தப் பக்கம் நின்றவர் எங்கள் பக்கத்து வீட்டுச் சலவைக்கடை அக்கா. இருவருக்கும் நடுவே மேசைமேல் கையகலப் புகைப்படம் ஒன்று வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் கிடையாது. அக்கா துணைக்குக் கூப்பிட்டார், போனேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன் என்பது வேறு விஷயம்.

மன்றம் என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான். முழுப்பெயர், 'துன்பியல் நிகழ்வுகள் நினைவேந்தல் மற்றும் சமூக விழிப்புணர்வுக் கல்வி மன்றம்.' பெயர்ப்பலகை கட்டடத்தின் அகலத்துக்குள் அடங்காமல் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிச் சுவர்மேல் போய் முடிகிறது. அதனால் பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையும் துக்கத்துக்கு வந்தவர்கள் என்று உட்காரவைத்து, கையில் ஒரு பன்னும் தேநீரும் கொடுத்துவிடுவார்கள். பாவம், கடிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்கள் கண்கலங்குவதை மன்றத்தின் ஆண்டு மலரில் படமாகவே போட்டிருக்கிறார்கள்.

மேசைமேல் சிரித்தது அக்காவின் தம்பி. வேலைக்கு மனுப்போட வேண்டும் என்று ஸ்டூடியோவுக்குப் போனவன். படம் எடுக்கிறவர், "சிரிக்காத, முகத்த ஒழுங்கா வை" என்று அதட்டிக்கொண்டே கேமராவும் கண்ணுமாகப் பின்னால் நகர்ந்து, அங்கே கிடந்த முக்காலியில் தடுக்கி மல்லாந்திருக்கிறார். விழும் வேகத்தில் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது. படத்தில் பையனுக்குக் கண்ணே இல்லை, அத்தனை சிரிப்பு. மேல்வரிசையில் ஒரு முன்பல்லும் இல்லை. அது அக்காவின் உபயம்.

"நான்தான் கரண்டிய எறிஞ்சேன்" என்று அக்கா யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வார். "குறி பாத்தெல்லாம் எறியல. ஆனா தப்பல."

அந்தப் படம் மனுவுக்கு ஆகாது என்று ஸ்டூடியோவில் கழித்துக் கொடுத்துவிட்டார்கள். அதன் பின்புறம் "அக்கா, உன் கைவேலை" என்று எழுதி, அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குத் தபாலில் அனுப்பிவைத்தான் தம்பி. அவன் முகம் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஊர் முழுக்க எங்கள் ஆட்களின் வீட்டுக் கதவுகளில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுண்ணாம்பில் குறி போட்டார்கள். விடிந்ததும் தடியும் கத்தியும் மண்ணெண்ணெயுமாக வந்தார்கள். குறி இருந்த கதவு திறந்தது, குறி இல்லாத கதவு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. நான் அப்போது பின்சந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. எங்கள் சந்துக்கு அவர்கள் வருவதற்குள் நாங்கள் பின்வாசல் வழியாக ஓடி ரயில் தடத்தைத் தாண்டிவிட்டோம். முன்தெரு ஓடவில்லை. அக்காவின் தம்பி தனியாக இருந்த வீடு முன்தெருவில். வீடு எரிந்தது என்று அக்காவுக்குத் தகவல் போனது. அவன் எப்படிப் போனான், கடைசியில் என்ன செய்தான், பயந்தானா, யாரையாவது கூப்பிட்டானா, ஒன்றும் போகவில்லை.

புருஷன் போன பிறகு அக்கா மகளோடு திரும்பி வந்து, எரிந்த வீடு நின்ற மனையிலேயே சலவைக்கடை போட்டார். அதற்குள் நாங்களும் பின்சந்தை விட்டு முன்தெருவில் பக்கத்து வீட்டுக்குக் குடிமாறியிருந்தோம். எதிர்வீடு மன்றத் தலைவருடையது. அன்றைக்கும் அவர் அங்கேதான் இருந்தார். குறி இல்லாத கதவு. அன்றைக்குச் சாதாரண குமாஸ்தா. இன்றைக்கு வீட்டுக்கு மாடி வந்துவிட்டது, அவருக்குத் தலைமை வந்துவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டைகளை அக்காதான் தேய்த்துக் கொடுக்கிறார். வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தும் தலைவரம்மாவே சட்டைகளை எடுத்து வருவார். கொடுத்துவிட்டுப் போகமாட்டார். வாசலில் நின்று ஏதோ சொல்ல வருவதுபோல் வாயைத் திறப்பார், "காலர் கொஞ்சம் விறைப்பா இருக்கட்டும்" என்பார், போய்விடுவார். காலர் விறைப்புக்கு இவ்வளவு மூச்சு எதற்கு என்று நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மன்றம் நினைவுச் சுவர் எழுப்புகிறது, செத்தவர்களின் படங்களை உறவுக்காரர்கள் கொண்டு வரலாம் என்றார்கள். அக்கா படத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். உஷ் அதைப் பிரித்துப் பார்த்ததும்தான் கூச்சல் ஆரம்பித்தது.

சத்தம் கேட்டுத் தலைவரே உள்ளேயிருந்து வந்தார். மெல்லிய உதடு. சவரம் செய்து செய்து மழமழவென்ற முகம். பேசாதபோது அந்த உதடுகள் கோடு கிழித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். பேசும்போதுதான் ஆபத்து.

"அம்மா, உங்க துக்கம் எங்க துக்கம்" என்றார். "ஆனா எங்க துக்கத்துக்கு ஒரு தரம் இருக்கு. சுவத்துல பாதிக்கப்பட்டவர் சிரிச்சா, பாக்கறவன் என்ன நினைப்பான்? பெருசா ஒண்ணும் நடக்கலன்னு நினைப்பான்."

"படம் எடுத்தப்ப அவன் பாதிக்கப்படலயே சார்" என்றார் அக்கா.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அது அவர் தப்பில்ல" என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். "முன்கூட்டியே தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல."

"வேற படம் இல்லயா?" என்றார் உஷ்.

"எல்லாம் வீட்டோட எரிஞ்சுபோச்சு."

"பாதி எரிஞ்சது இருந்தாக்கூடப் பரவாயில்ல. அது இன்னும் பொருத்தமா இருக்கும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் சூடான இஸ்திரிப்பெட்டி இருந்தால் நாங்கள் விலகிக்கொள்வோம்.

"சரி, அதுக்கெல்லாம் தீர்வு இருக்கு" என்றார் தலைவர். "முதல்ல நீங்க வகுப்புக்கு வாங்க. நினைவுகூரும் தகுதிச் சான்றிதழ் இல்லாதவங்க படம் கொடுக்க முடியாது."

"என் தம்பிய நினைக்கறதுக்கு சர்டிபிகேட்டா?"

"தகுதியில்லாதவங்க நினைச்சா தப்பா நினைச்சுடுவாங்கம்மா."

*

வகுப்பு மன்றத்தின் மேல்மாடியில் நடந்தது. கட்டணமில்லை, பன் உண்டு. அந்த பன் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்றத்தின் எல்லாத் துக்கத்துக்கும் பன் சப்ளை பக்கத்துத் தெரு ரொட்டிக்கடை. அந்தக் கடையை இப்போது மகன் நடத்துகிறான். அன்றைக்கு நடத்தியது அப்பன். சுண்ணாம்பு வாளியை யார் தூக்கிக்கொண்டு போனார் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும், ஆனால் யாரையும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் பன்னைப் பார்ப்போம், தேநீரை மட்டும் குடிப்போம்.

வகுப்பில் நான், அக்கா, இன்னும் கொஞ்சம் முன்தெரு, பின்சந்து ஆட்கள். எல்லாருமே அன்றைக்கு ஓடினவர்கள் அல்லது ஓட முடியாதவர்களின் உறவு. பாடம் நடத்த வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். நிகழ்வு நடந்த காலத்தில் அவர் பிறந்திருக்கவில்லை. "அதனாலதான் எனக்கு நடுநிலைமை இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"முதல் பாடம், சொற்கள்" என்றார். "நடந்தத நாம 'நிகழ்வு'ன்னுதான் சொல்லணும்."

"இனப்படுகொலைன்னு சொல்லக் கூடாதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அந்தச் சொல்லுக்கு இன்னும் மேலிடத்து ஒப்புதல் வரல. வந்தா சுற்றறிக்கை அனுப்புவோம். அதுவரைக்கும் மனசுக்குள்ள வச்சுக்கலாம், தடையில்ல."

அப்புறம் ஒவ்வொருவரையும் எழுப்பி நினைவில் உள்ளதைச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. அக்கா பக்கத்தில் இல்லை. பன் தட்டைத் தன் பக்கம் நீட்டியதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"நாங்க தூங்கிட்டிருந்தோம் சார்" என்றேன். "யாரோ விசிலடிச்சாங்க. வழக்கமான விசில் இல்ல, காத அறுக்கற மாதிரி. என்னமோ ஏதோன்னு எழுந்து பாத்தா முன்தெருவுல புகை. பின்வாசல் வழியா ஓடினோம். சந்துல எல்லாருமே அந்த விசில் கேட்டுத்தான் எழுந்தோம்."

"யார் அடிச்சது?"

"தெரியல சார். இன்னிவரைக்கும் தெரியல. அந்த நாளப் பத்தி நாங்க யாருமே வாய்விட்டுப் பேசினதில்ல."

பயிற்சியாளர் முகத்தைச் சுளித்தார். "இத 'உறுதிப்படுத்தப்படாத ஒலி'ன்னு வச்சுக்கலாம். அடுத்தவங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. வரலாறு குழம்பிடும்."

நான் உட்கார்ந்தேன். அடுத்தவர்களிடம் சொல்லாதே என்று என்னிடம் யாரும் அதற்கு முன் சொல்லத் துணிந்ததில்லை.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. உள்ளே வந்திருந்த அக்காவை எழுப்பினார்.

"நிகழ்வுக்குக் காரணம் என்ன?"

"ரொட்டிக்கடைக்காரனும் அவன் மச்சானும். அவங்களுக்கு மண்ணெண்ணெய் எடுத்துக் குடுத்த—"

"அம்மா, அம்மா!" பயிற்சியாளர் இரண்டு கையையும் ஆட்டினார். "ரொம்பக் குறிப்பா சொல்றீங்க. பொதுவா சொல்லுங்க. சரியான விடை, 'புரிந்துணர்வின்மை'."

"புரிந்துணர்வின்மையா சார் வந்து கதவத் தட்டுச்சு?"

"ஒரு கோணத்துல பாத்தா, ஆமா."

"அது எந்தத் தெருவுல இருக்குன்னு சொல்லுங்க, நான் போய்ப் பாக்கறேன்."

அக்கா தேறவில்லை. தன் தம்பியை நினைப்பதற்கு அவருக்குத் தகுதி போதவில்லை. மறுமுறை வரலாம் என்றார்கள். நான் முதல் வகுப்பில் தேறினேன். எனக்கு அந்தத் தம்பியைத் தெரியவே தெரியாது.

*

வீட்டுக்கு வந்ததும் அக்கா படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "சுவரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்றார். அவருடைய மகள்தான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிற பெண், அம்மாவுக்குத் தப்பாத வாய்.

"அம்மா, நீ போயிட்டா இந்தப் படத்துல இருக்கறது யாருன்னு என்னைத் தவிர யாருக்கும்மா தெரியும்? நானும் போயிட்டா?"

அக்கா ஒரு சட்டையைத் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார்.

"படத்துல அவன் வாய மூடித்தான் மாட்டுவாங்களாம்டி."

"மூடட்டும். முகமாவது இருக்குமில்ல? மாமா அங்க ஊரே பாக்க நிப்பாரு. அது போதாதா?"

அக்கா அந்தச் சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தேன். கேட்கவேண்டும் என்பதற்காக அல்ல. சத்தம் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்றுதான்.

மறுநாள் அக்கா படத்தைக் கொடுத்தார். தலைவர் கருணைகூர்ந்து சான்றிதழுக்கு விலக்கு அளித்தார். 'நினைவுகூரும் தகுதி நிலுவையில் உள்ளவர்' என்று அக்காவுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம்.

வாய் மூடும் வேலை ஸ்டூடியோக்காரருக்கு வந்தது. அன்றைக்கு முக்காலியில் தடுக்கி விழுந்தவரின் மகன். கம்ப்யூட்டரில் எல்லாம் செய்வான், ஆனால் அவனுக்கும் ஒரு சங்கடம் வந்தது. வந்த படங்களெல்லாம் கல்யாணத்தில் எடுத்தவை, பிறந்தநாளில் எடுத்தவை, யாரோ யாரையோ கேலி பண்ணும்போது எடுத்தவை. ஒன்றில் ஒரு பெரியவர் மூக்கில் கிரீம் அப்பியிருந்தது. மூட வேண்டிய வாய்களோ எக்கச்சக்கம். ஒட்டுவதற்கு மூடிய வாய் ஒன்றுகூட இல்லை.

வீடு வீடாக வந்து கேட்டான். "உங்க வீட்ல மூடின வாய் ஏதாச்சும் இருக்குமா அத்தை?"

"எங்க வீட்லயா? என்னப் பாத்துக் கேக்கற கேள்வியாடா இது?" என்றேன்.

இரண்டு நாள் அலைந்தான். மூன்றாம் நாள் மன்றத்து வாசலிலிருந்து முகம் மலர்ந்து வெளியே வந்தான். கையில் மன்றத்தின் ஆண்டு மலர் இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

*

திறப்பு விழாவுக்கு முன்னால் மௌன ஒத்திகை நடந்தது. உஷ் எங்கள் எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து, சத்தத்தை அளக்கும் ஒரு கருவியை மேடையில் வைத்தார். மின்விசிறிகளை அணைக்கச் சொன்னார். இருமல் உள்ளவர்கள் முன்கூட்டியே இருமித் தீர்த்துவிட வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் கூடமே இருமியது.

"ஆரம்பம்" என்று மணியடித்தார். நின்றோம். கருவியில் முள் அசைந்தது.

"யாரு?" என்றார் உஷ், குரலை அடக்கி.

"வயிறு சார்" என்றார் அக்கா. "காலைல சாப்பிடல."

"பன் குடுத்தோமே?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் வயிறு சொன்னது.

"இது மூணாந்தர மௌனம்" என்று உஷ் உதட்டைப் பிதுக்கினார். "மேலிடத்துலேருந்து வர்றவங்க முன்னாடி இத வச்சு என்னால நிக்க முடியாது." ஒத்திகை மறுபடி நடந்தது. மறுபடியும் நடந்தது. பல் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ அலறியதால் கடைசி ஒத்திகையும் கெட்டது. உஷ் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. மனுஷன் மோசமில்லை. சின்ன வயதிலிருந்து யாரும் அவர் பேச்சைக் கேட்டிருக்கமாட்டார்கள், அதனால் இந்த வேலைக்கு வந்திருப்பார் என்று என் நாத்தனார் மகள் சொன்னாள். அவள் ஒத்திகை முழுக்க அவர் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவரும் அவளை மட்டும் வெளியேற்றவில்லை. இதை நான் கவனிக்காமல் இல்லை.

விழா நாள் வந்தது. கூடம் நிறைந்தது. சுவர் நீளத்துக்குக் கறுப்புத் திரை. ரொட்டிக்கடை மகன் பன் தட்டோடு கதவருகே நின்றான். தலைவரம்மா முதல் வரிசையில், தேய்த்த புடவையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா கழுத்தில் அட்டையோடு மூன்றாவது வரிசையில், நான் அவர் பக்கத்தில்.

மௌனத்தின் மேன்மையைப் பற்றித் தலைவர் பேசினார். பேசினார். வெயில் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தது.

"நண்பர்களே, நினைவுகூர்வது என்றால் என்ன? எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வதா? அல்ல! எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது! யார் செய்தார்கள் என்று கேட்பது எளிது. யார் பார்த்தார்கள் என்று கேட்பது அதைவிட எளிது. எதையும் கேட்காமல் தலைகுனிந்து நிற்பதுதான் கடினம். அந்தக் கடினமான பணியை இந்த மன்றம் இத்தனை ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் செய்துவருகிறது!"

கைதட்டல். அப்புறம் அவர் கயிற்றை இழுத்தார், திரை விலகியது, உஷ் மணியடித்தார். கூடம் எழுந்து நின்றது. மௌனம்.

வரிசை வரிசையாக முகங்கள். கறுப்புச் சட்டத்துக்குள் அழகாகத்தான் இருந்தன. நான் அக்காவின் தம்பியைத் தேடினேன். கண்டுபிடித்தேன். கண்ணைக் காணோம், அத்தனை சிரிப்பு. ஆனால் கண்ணுக்குக் கீழே சிரிப்பு நின்றுபோயிருந்தது. கோடு கிழித்த மாதிரி மெல்லிய, மூடிய உதடு. பக்கத்தில் ஒரு கல்யாணப்பெண். அவளுக்கும் அதே உதடு, லேசாகச் சிவப்புப் பூசி. அதற்கடுத்து மூக்கில் கிரீம் அப்பிய பெரியவர். அதே உதடு. மேலே, கீழே, கோடி வரைக்கும். எல்லா முகத்திலும் ஒரே வாய்.

இந்த வாயை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எல்லாரும் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தோம் போல. கருவியின் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. உஷ்ஷின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். முதல்தர மௌனம்.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து தலைவரம்மா உரக்கச் சொன்னார்.

"என்னங்க இது, உங்க வாயாச்சே!"

யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் இன்னொருவர். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவி, கதவருகே நின்ற பல்வலிக்காரர்கள் வரைக்கும் போய், அவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டூடியோக்காரன் நாற்காலிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். கருவியின் முள் அந்தக் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "உஷ்! உஷ்!" என்று உஷ் மணியை அடித்துக்கொண்டே இருந்தார், அதுவும் சேர்ந்து சத்தம்தான் போட்டது.

தலைவரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"உக்காரு" என்றார் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன்." அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். "இதே வாய்தான். எனக்குத் தெரியாதா? வீட்ல எத்தன வருஷமா பாக்கறேன். அன்னைக்கும் இப்படித்தான் மூடிக்கிட்டு நின்னீங்க, ஜன்னலுக்குப் பின்னாடி. என் வாயையும் கையால பொத்தினீங்க. அந்தக் கைய நீங்க இன்னும் எடுக்கவேயில்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. யாரும் மணியடிக்கவில்லை, தானாக அடங்கியது.

அக்கா எனக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு எத்தனை பேர் காலை மிதித்தார் என்று தெரியாது, யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்ன பாத்தீங்க?" என்றார்.

தலைவரம்மா வாயைத் திறந்தார். இந்த முறை காலரைப் பற்றிப் பேசவில்லை.

"ரொட்டிக்கடைக்காரரும் அவர் மச்சானும் உங்க தம்பிய வெளிய இழுத்துட்டு வந்தாங்கம்மா. அவன் கத்தல. விசிலடிச்சான். பல்லு ஒண்ணு இல்ல பாருங்க, அந்த இடுக்கு வழியா. ஓங்கி அறைஞ்சாங்க. மறுபடி அடிச்சான். வாயெல்லாம் ரத்தம். பின்சந்து பக்கமா முகத்தத் திருப்பித் திருப்பி அடிச்சான். எனக்கு அப்ப புரியல, பைத்தியம் பிடிச்சுட்டதோன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா பின்சந்துல கதவெல்லாம் திறக்குது. ஜனங்க தடத்தப் பாத்து ஓடறாங்க. அதுக்கப்புறம்தான் அவன் நிறுத்தினான். நிறுத்தினதும்..." அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் பாதிப்பேர் பின்சந்து ஆட்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உறுதிப்படுத்தப்படாத ஒலியால் உயிரோடு இருக்கிறவர்கள்.

"ரெண்டு தெரு கேக்கும்" என்றார் அக்கா. அழுகையா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அந்த ஓட்டைல காத்த விட்டான்னா ரெண்டு தெரு கேக்கும். நான் எத்தன தடவ திட்டியிருக்கேன், வாய மூடுடான்னு."

பிறகு அவர் சுவரருகே போனார். சட்டத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார். இடுப்பிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தார். மன்றத்துக்கு நகலைத்தான் கொடுத்திருந்தார், அசலை யாரிடமும் கொடுக்கவில்லை. ஆணியில் அதை மாட்டினார். அத்தனை மூடிய வாய்களுக்கு நடுவில் ஒரே ஒரு பொக்கைச் சிரிப்பு.

"விதிமுறைப்படி..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"உஷ்" என்றார் உஷ்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். உஷ்ஷும் தன்னையே நம்பமுடியாமல் நின்றார். என் நாத்தனார் மகள் மட்டும் கைதட்டினாள்.

கதவருகே ரொட்டிக்கடை மகன் பன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

*

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு வாரத்துக்குள் மூடிய வாய்களையெல்லாம் சனங்களே கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து அசல் படங்களைக் கொண்டுவந்து மாட்டினார்கள். சுவர் இப்போது கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், கிரீம் அப்பிய பெரியவர் யார் என்று கேட்கிறார்கள், சொன்னால் அழுகிறார்கள். பாடம் போய்ச் சேருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

தலைவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே 'மகிழ்ச்சி மேம்பாட்டு வாரியம்' என்று ஒன்றுக்கு அவரைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். அங்கே எல்லாரும் சிரித்தாக வேண்டுமாம். ஸ்டூடியோக்காரனையும் கூடவே அழைத்துப் போயிருக்கிறார், அவன் அங்கே திறந்த வாய் தேடி அலைகிறானாம். தலைவரம்மா போகவில்லை. எதிர்வீட்டிலேயே இருக்கிறார். பள்ளிக்கூடங்களுக்கு நடந்ததைச் சொல்ல இப்போது அவர்தான் போகிறார். "நான் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னவ" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் கேள்வி கேட்டுக் குடைகிறார்கள். ஒன்றுக்கும் வாயை மூடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, பேசினால் எனக்குக் கேட்டிருக்கும்.

ரொட்டிக்கடை மகன் ரொம்ப நாள் கடை திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு சலவைக்கடை வாசலில் வந்து நின்றான். தேய்க்க வேண்டிய சட்டையே இல்லை, புதுசு. அக்கா வாங்கித் தேய்த்துக் கொடுத்தார். பன் மட்டும் இன்றுவரைக்கும் தொடவில்லை.

அக்காவின் மகள் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், பெட்டியில் மாமாவின் சிரிக்கிற படத்து நகலோடு.

உஷ் என் நாத்தனார் மகளைக் கட்டிக்கொண்டார். வீட்டில் அவருக்கு மூச்சுவிட மட்டும்தான் முறை வருகிறது, சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நினைவு நாளில் மௌனம் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து விசிலடிப்போம் என்று பின்சந்து முடிவு செய்துவிட்டதால், அதற்குப் பொறுப்பாளரும் அவர்தான். ஆனால் பாவம், அவருக்கு விசில் வரமாட்டேன் என்கிறது. தினமும் சமையலறையில் நின்று பழகுகிறார், வெறும் காற்றுதான் வருகிறது. முன்பல் ஒன்று குறைந்தால் வந்துவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். கரண்டி பத்திரமாக இருக்கிறதாம்.